நின்ற பின் பார்க்கும் நண்டு

மார்ச் 4

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கலாமா என்று அக்காவிடம் போனில் கேட்டேன். "முதல் கடிதத்துலயே வேண்டாம்டா, மனுஷன் மிரண்டுடுவார்" என்றாள். ஆகவே வெறும் அத்தான். போனிலேயே பேசிவிடலாமே என்றதற்கும் அவள் ஒப்பவில்லை. "நீ கத்துவ, அவர் வாயை மூடிக்குவார். போன தடவை அப்படித்தான் ஒரு கம்பெனியே போச்சு. ரெண்டு பேரும் எழுதுங்க" என்பது அவள் தீர்ப்பு. அவள் பல் டாக்டர், சொன்னால் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சில்லு திரும்ப வருகிறான்.

நீங்கள் வரைந்து நான் நடக்க வைத்த அதே நண்டு. நம் வீடியோ கேம் கம்பெனியை மூடியபோது எல்லாவற்றையும் விற்றோம், அவனை மட்டும் விற்கவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் பழைய நாயகர்களைத் தூசி தட்டி எடுக்க ஆசைப்படுகிறார்கள். சில்லுவைப் பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னேன், முதலாளி பிடித்துக்கொண்டார். ஒரு டீமையும் கொடுத்து என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார். என் வயதில் இன்னொரு முறை இப்படிக் கேட்க மாட்டார்கள்.

புதிய சில்லுவின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். முப்பரிமாணம். ஆரஞ்சு ஜாக்கெட், புருவம், ஒரு பக்கமாக இழுத்த சிரிப்பு. பேசுவான். போகும் திசையில் உடம்பைத் திருப்பி ஜம்மென்று ஓடுவான். சில்லு நம் இருவருக்கும் பொது என்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு காலைக்கூட அசைக்க முடியாது. ஜூன் நடுவில் முதலாளி கூட்டம் போட்டு முடிவு சொல்வார். அதற்குள் நீங்கள் சம்மதிக்காவிட்டால் சில்லுவைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு அவன் இடத்துக்கு ஒரு நரியை எடுத்துக்கொள்வார்கள். நரி தயாராக இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டார்கள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். போன முறை நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கன்சோலே சந்தையை விட்டுப் போய்விட்டது.

மாப்பிள்ளை


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தச் சொல்லைக் கண்டு நான் மிரளவில்லை என்பதை உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தினமும் பார்க்கிறேன். நன்றாக வரைந்திருக்கிறார்கள். ஜாக்கெட்டின் தையல்கூட ஒழுங்காக இருக்கிறது. ஆனால் என்னால் இன்னும் கையெழுத்திட முடியவில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வருமா என்பது ஐயமே. முயல்கிறேன்.

நம்முடைய இரண்டாவது விளையாட்டில் நீ சில்லுவுக்குத் தொப்பி மாட்டினாய், பேச வைத்தாய். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீ கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறோர் ஓவியரை வைத்து வரைந்தீர்கள். நான் என் பழைய தொழிலுக்கே திரும்பி, தண்ணீர்ப் பம்புகளுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் விளக்கப் படம் வரையப் போய்விட்டேன். விளையாட்டு விற்கவில்லை. தொப்பியால்தான் என்று நான் நினைத்தேன். நான் பாதியில் எழுந்து போனதால்தான் என்று நீ நினைத்ததாக உன் அக்கா சொன்னாள். உண்மையில் நம் இருவருக்குமே தெரியாது. அதுதான் என் கவலை. முன்பு ஏன் செத்தது என்று தெரியாமலே மறுபடி நடக்கவிட்டால் சில்லு மறுபடி சாகும். ஒரு முறை பார்த்தது போதும்.

"கடைக் கண்ணாடியில நிக்கறவன் நிப்பான், எடுத்து உள்ள வச்சா செத்தான்" என்று நீ அடிக்கடி சொல்வாய். சரியாகவும் இருக்கலாம். இன்றைக்கும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கும் அந்த ஓரிரு விளையாட்டு நாயகர்களை அவர்களுடைய முதலாளிகள் ஓய்வெடுக்க விட்டதே இல்லை. ஆனால் நம் காலத்தில் சில்லுவோடு போட்டியிட்ட அந்தப் பல்லி நாயகன் எங்கே போயிற்று? பற்பசை உறையில் இருந்தது, பள்ளிக்கூடப் பையில் இருந்தது, ஞாயிறுதோறும் டிவியில் வந்தது. அதைக் கடைக் கண்ணாடியிலிருந்து எடுத்தது முதலாளி அல்ல. கேட்க ஆளில்லாமல் கடைக்காரர்களே எடுத்தார்கள்.

ஓய்வு பெற்றது முதல் நான் உன் அக்காவின் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காத்திருப்பவர்களுக்காக நம் பழைய விளையாட்டுக் கன்சோலை ஒரு டிவியோடு அங்கே வைத்திருக்கிறோம். அதன் கீழ் டிராயரில் அந்தக் காலத்து விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்கள் கிடக்கின்றன: பல்லி, சறுக்குப் பலகை அணில், மேகம், நம் சில்லு. வருகிறவர்களில் பாதிப் பேர் இவை வெளிவந்தபோது பிறந்திருக்கவில்லை. விளம்பரமோ கடைக் கண்ணாடியோ அவர்கள் மனத்தில் இல்லை. பல்வலி மட்டும்தான் இருக்கிறது. எதை எடுக்கிறார்கள், எதை வைத்துவிடுகிறார்கள் என்று கொஞ்ச காலம் கவனித்துப் பார்க்கிறேன். கூட்டத்துக்கு முன் கட்டாயம் பதில் வரும்.

அத்தான்


மார்ச் 28

அத்தானுக்கு,

பல் பிடுங்க வந்தவர்களை வைத்து ஆராய்ச்சி. இதை நான் முதலாளியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

பல்லியை மட்டமாகப் பேசாதீர்கள். நாம் அதைக் கேலி செய்துகொண்டிருந்தபோது அது நம்மைவிடப் பல மடங்கு விற்றது. அதன் முதலாளி வீட்டில் நீச்சல் குளமே பல்லி வடிவத்தில் இருந்ததாம், வால் பக்கம் குழந்தைகளுக்கு. போவதற்கு முன் வாழ்ந்தாவது பார்த்தது.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. எங்கள் விற்பனைத் தலைவி என் மகள் வயதுப் பெண். கெட்டிக்காரி. போன வாரம் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"சார், இந்த நண்டோட கேரக்டர் என்ன?"

"நல்லவன்மா."

"எல்லா ஹீரோவும் நல்லவன்தான் சார். இவன் கோவக்காரனா, குறும்புக்காரனா, சோம்பேறியா?"

"நண்டும்மா அது. நடக்கும்."

"அதனாலதான் சார் நான் ஜாக்கெட் போட்டேன்."

டீம் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள், கையால் வாயை மறைத்துக்கொண்டு. அவள் கேட்டது நியாயம்தான் அத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பழைய சில்லு பேசியதில்லை, சிரித்ததில்லை. பக்கவாட்டில் நடப்பான், தாவுவான், நிற்பான். அவ்வளவுதான். இருந்தும் அவனை யாரும் வெறும் நண்டாக நினைத்ததில்லை. அப்போது நமக்கு வந்த கடிதங்களில் ஒன்று நினைவிருக்கிறதா? 'சில்லுவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது' என்று ஒரு சின்னப் பெண் எழுதியிருந்தாள். எதைப் பார்த்து எழுதினாள்? இருந்த படமே கைவிரல் அளவு. அதில் நம்பிக்கையை எங்கே வைத்தோம்?

புதிய விளையாட்டின் சோதனைப் பதிப்பைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீங்கிய தாடைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நாள் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கண்டதை எழுதுகிறேன். என் கண் தவறியிருக்கக்கூடும். ஆனால் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தேகம் குறைந்து வருகிறது.

பல்லியைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். அட்டையில் இருக்கும் தோல் ஜாக்கெட்டும் நிமிர்ந்த முடியும் கையை இழுக்கின்றன. சற்று நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். கடைவாய்ப் பல் பழுத்து வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், அது தாவலுக்குத் தாவல் வசனம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "என் கண்டக்டர் மாதிரியே இருக்கான். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஒரு பேச்சு" என்றார். பல்லி பேசுவது அந்த ஆண்டின் பேச்சு. முடி அந்த ஆண்டின் முடி. திமிரைக்கூட அந்த ஆண்டுப் பாட்டுக்காரர்களிடமிருந்துதான் வாங்கியிருந்தார்கள். ஆண்டு போனதும் பல்லியிடம் சொந்தமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

அணில் வேறு வகை. பார்க்க அழகு. ஆனால் தாவும் பட்டனை அழுத்தினால் முதலில் வாலைச் சுழற்றிக் காட்டிவிட்டுத்தான் தாவுகிறது. அதற்குள் குழி வந்துவிடுகிறது. "நான் அழுத்தினேன்ல? காது கேக்குதா இதுக்கு?" என்று ஓர் அம்மாள் கன்ட்ரோலரைத் திட்டினார். விரல் சொல்வதைக் கேட்காத பொம்மையை யாரும் தன்னுடையதாக நினைப்பதில்லை.

மேகம்தான் என்னைச் சங்கடப்படுத்தியது. அங்கே நீ சொல்வதே உண்மை. எடுத்தவர்கள் அதைக் கீழே வைப்பதில்லை. விரல் நினைத்த இடத்தில் மிதக்கிறது, ஒரு வளைவும் வீண் இல்லை. ஆனால் அதன் முதலாளி ஒரே விளையாட்டோடு கடையை மூடி, மனை விற்கப் போய்விட்டார். அடுத்து வந்த கன்சோலில் மேகம் இல்லை. அதை விளையாடி வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. நல்ல பொம்மையாக இருப்பது மட்டும் போதாது. ஒப்புக்கொள்கிறேன்.

இனி சில்லு. அதை யாரும் முதலில் எடுப்பதில்லை. எடுத்தவர்களோ, உள்ளே கூப்பிட்டால் எழுந்து போக மனமில்லாமல் இருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தேன். தட்டை ஓடும் இரண்டு கொம்புக் கண்களும் மங்கலிலும் சில்லுதான். அணில் மங்கினால் பூனையாகிவிடுகிறது. நிழலை வைத்தே ஆளைச் சொல்ல முடிய வேண்டும் போலிருக்கிறது. இதை ஒரு விதியாகச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

உன் சோதனைப் பதிப்பையும் போட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருவரும் திரும்பக் கேட்கவும் இல்லை. அப்போது உன் அக்கா ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தாள். அந்த நாளில் நாம் சமையலறை மேசையில் செய்ததை எல்லாம் முதலில் விளையாடிப் பார்த்தவள் அவள்தானே.

"குடுங்க, நான் பாக்கறேன்."

ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள்.

"இது நம்ம நண்டு இல்லங்க."

"ஜாக்கெட்டைச் சொல்றியா?"

"ஜாக்கெட் கிடக்கட்டும். இதுக்கு நிக்கத் தெரியல."

"நிக்குதே."

"சுவிட்சை அணைச்ச மாதிரி நிக்குது. நம்மது அப்படியா? கையை எடுத்தா அரை எட்டு நகர்ந்து, நின்னு, அப்புறம் கண்ணைத் தூக்கி என்னைப் பாக்கும்ல, 'என்ன, அவ்வளவுதானா?'ன்னு கேக்கற மாதிரி. இது முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. கோவிச்சுக்கிட்டுப் போனப்ப என் தம்பி வாசல்ல நின்னானே, அதே மாதிரி."

எனக்கு விளையாட வராது என்பது உனக்குத் தெரியும். யாராவது விளையாடும்போதும் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பேனே தவிர, திரையை அல்ல. பழைய கார்ட்ரிட்ஜைப் போட்டு அவளை விளையாடச் சொல்லி, இந்த முறை திரையைப் பார்த்தேன். நடக்கும்போது போகும் பக்கம் சாய்ந்திருக்கும் கண்கள், நின்றதும் நிமிர்ந்து நேரே பார்க்கின்றன. அவள் சொன்னது சரி.

அந்த அரை எட்டை நீ ஏன் எடுத்தாய்?

அத்தான்


மே 3

அத்தானுக்கு,

நான் எடுக்கவில்லை. நான் அதை வைக்கவே இல்லை.

விரலை எடுத்தால் அந்த நொடியே நிற்க வேண்டும். அப்படித்தான் எழுதினேன், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். 'அக்காவுக்கு வயதாகிவிட்டது' என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி உறையைக்கூட ஒட்டிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். சொத்தை என்று அவள் சொல்லி, சொத்தையாக இல்லாத பல் இதுவரை கிடையாது.

என் டீமில் ஒரு பெண், பழைய விளையாட்டை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைத்தாள். ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தோம். அக்கா சொன்னது அங்கே இருக்கிறது அத்தான். நடை முடிந்து, நிற்பதற்கு முன் ஒரு படம் வருகிறது. கால் அரை எட்டு தள்ளி, ஓடு கொஞ்சம் தாழ்ந்து, கண் நேரே. நான் உங்களிடம் கேட்காத படம். கேட்டதைவிட ஒன்று கூடுதலாக வரைந்து தாளின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். என் புரோகிராமோ, 'விரல் எடுத்ததும், நடைக்கான படங்கள் போகத் தாளில் மிச்சம் இருப்பதைக் காட்டிவிட்டு நில்' என்கிறது. மிச்சம் எதுவும் இருக்காது என்று நம்பி, படங்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் வெட்டியிருப்பேன்.

"சூப்பர் ஐடியா சார். யாரோடது?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க அத்தானோடது" என்றேன். கூசாமல் சொன்னேன், ஆனால் உண்மையா என்று தெரியாது. ஏன் வரைந்தீர்கள்?

அதோடு விடவில்லை. இரண்டாவது விளையாட்டையும் பிரித்துப் பார்த்தோம். அந்த ஓவியர் ஒழுங்கான மனிதர், கேட்ட எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்திருக்கிறார். என் புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சில்லு டக்கென்று நிற்கிறான். யாரையும் பார்ப்பதில்லை. தொப்பி அவனைக் கொல்லவில்லை அத்தான், தொப்பியோடும் பிழைத்திருப்பான். நீங்கள் போனதால்தான் செத்தான். நான் நினைத்துக்கொண்டிருந்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை


மே 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஐடியா என்று சொன்னால் பொய்யாகும். அது பம்புப் பழக்கம்.

இயந்திரம் ஓடும் விதத்தைப் படம் படமாக வரையும்போது, முடிவில் அது ஓய்ந்து நிற்கும் படம் ஒன்றையும் எனக்காக வரைந்துகொள்வேன். முந்தைய படங்களில் எங்காவது கோணம் பிசகியிருந்தால் அந்த ஓய்வுப் படம் சரியாக உட்காராது, உடனே தெரிந்துவிடும். சில்லுவுக்கும் அப்படியே செய்தேன். ஓடிய வேகத்தில் அரை எட்டு சரிந்துதான் எதுவும் நிற்கும். சாய்ந்த கண் ஓய்ந்தால் நிமிரும். அது யாரையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீ அதைக் கத்தரித்திருப்பாய் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

ஆனால் காரணம் இப்போது எனக்குத் தெரிகிறது. உன் விற்பனைத் தலைவியிடம் சொல். சில்லுவின் குணம், நின்ற பின் பார்ப்பது. பல்லி தன்னைப் பார்க்க ஆள் தேடியது. சில்லு ஆளைப் பார்க்கிறது. நீ கையை எடுத்தால் அது போகாமல் உனக்காக நிற்கிறது. அந்தச் சின்னப் பெண் அதைத்தான் நம்பிக்கை என்று எழுதினாள். நாம் எங்கும் வைக்காததை அவள் சரியாகக் கண்டெடுத்திருக்கிறாள்.

இது தட்டையான திரையில் சரி, முப்பரிமாணத்தில் உள்ளே போகும்போது முதுகைக் காட்டாமல் எப்படி என்று நீ கேட்பாய். அதையும் செய்து பார்த்துவிட்டேன். உன் அக்காவின் பரிசோதனைக் கூடத்தில் சுழலும் சிறு பீடம் ஒன்று இருக்கிறது. பல்செட்டுக்கு அச்சு எடுக்கும்போது பயன்படுவது. அதன் மேல் யாரோ ஒருவருடைய கீழ்த் தாடை மாவு அச்சை வைத்தேன். மலைத்தொடர் போலவே இருந்தது. பற்களின் மேல் ஒரு பாட்டில் மூடியை நண்டாக வைத்து, பக்கவாட்டில் மட்டும் நகர்த்தினேன். தாடை வளையும் இடம் வந்தபோது மூடியைத் திருப்பவில்லை. பீடத்தைத் திருப்பினேன். மூடி கடைசிவரை என் முகத்துக்கு நேராகவே இருந்தது.

உலகம் திரும்பட்டும், நண்டு திரும்ப வேண்டாம். நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும் என்பது நம் குறை அல்ல, அதுதான் நம் கையிருப்பு.

உன் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அது நாளைக்குப் பல்செட் மாட்ட வேண்டிய ஒருத்தரோட தாடை. மலை ஏறினது போதும், குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆகவே என் பதில்: சில்லு எப்போதும் விளையாடுகிறவரைப் பார்த்தபடி நடக்க வேண்டும். அரை எட்டு வேண்டும். பேச்சு வேண்டாம். ஜாக்கெட்டுக்கு நான் கையெழுத்திட மாட்டேன். அவர்கள் நரியைத்தான் எடுப்பார்கள் என்றால் எடுத்துக்கொள்ளட்டும். இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

அத்தான்


ஜூன் 14

அன்புள்ள அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அடிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை அக்காவிடம் போனில் கொட்டினேன். "கையெழுத்திட மாட்டேன்னு எழுதியிருக்கார்." "அவரா எழுதினார்? கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் சந்தோஷப்பட்டதைக் கேட்டு எனக்குக் கோபம் போய்விட்டது.

தாடை மலையை டீமிடம் சொன்னேன். "உலகம் திரும்பினா தலை சுத்தும் சார்" என்றார்கள். முதலில் சுற்றத்தான் செய்தது. ஒரு பையன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். திருப்பத்தை மெதுவாக்கினோம், நண்டின் அடி விழும்போது மட்டும் உலகம் நகருகிற மாதிரி செய்தோம். சுற்றுவது நின்றது. அதற்குப் பிறகு டீமில் யாரும் சரியாகச் சாப்பிடப் போகவில்லை, கன்ட்ரோலரைக் கீழே வைத்தால்தானே.

நேற்று கூட்டம். முதலாளி, விற்பனைத் தலைவி, கணக்குப் பார்ப்பவர், நான். மேசையில் ஒரு பக்கம் நரி, ஒரு பக்கம் சில்லு, ஜாக்கெட் இல்லாமல்.

"பேசாத நண்டை வச்சு என்ன பண்றது?" என்றார் முதலாளி. "எங்க வீட்டுப் பிள்ளைங்க விளம்பரம் பேசினாத்தான் திரும்பிப் பாக்குது."

நான் கத்தவில்லை. உங்களிடம் கற்றதுதான். கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். ஓட்டினார். அவருக்கும் விளையாட வராது போல, இரண்டு தடவை பள்ளத்தில் விட்டார். பிறகு ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார், உலகம் திரும்பிற்று. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். சில்லு அரை எட்டு நகர்ந்து, நின்று, கண்ணை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

முதலாளி போனில் பேசிக்கொண்டே அவனைப் பார்த்தார். பேச்சு குறைந்தது. "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு எங்களைக் கேட்டார்:

"இதுக்கு இப்ப என்ன வேணுமாம்?"

விற்பனைத் தலைவி என்னை முந்திக்கொண்டாள். "அதேதான் சார். எல்லாரும் இதையேதான் கேக்கப் போறாங்க. போஸ்டர்லயும் இது ஒண்ணு போதும், நின்னு பாக்குற நண்டு. ஜாக்கெட் போட்டது என் தப்பு சார், எடுத்தாச்சு."

நரிப் படத்தை அவளே எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

ஆனால் நான் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். மேகத்தின் கதை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிவிட்டேன்: எந்தப் புதிய கன்சோல் வந்தாலும் பழைய சில்லு அதில் ஓட வேண்டும், புதிய சில்லுவையும் தூங்கவிடக் கூடாது. நீங்கள் அவனுக்கு உயிர் கொடுங்கள். கடைக் கண்ணாடியை விட்டு அவன் இறங்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டில் ஒன்று போதும் என்று நாம் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்ததில்தானே போன முறை போனது.

ஒரே ஒரு சிக்கல். தாவி இறங்குவது, தள்ளுவது, வழுக்குவது என்று எல்லா அசைவுக்கும் அந்த மாதிரி ஓய்வு வேண்டும். என் டீம் முயன்றது. அவர்கள் வரைந்தால் நண்டு பார்க்கிறது என்று தெரிகிறது. உங்கள் நண்டு பார்க்கிறதா என்றே தெரியாமல் பார்க்கிறது. உங்கள் கை வேண்டும் அத்தான். இங்கே வந்து இருங்கள். மாடி அறை காலியாக இருக்கிறது, வெளிச்சம் வடக்கிலிருந்து வரும். பிடிவாதம் பிடித்தால் நானே வந்து வாசலில் நிற்பேன், இந்தத் தடவை முகத்தைக் காட்டிக்கொண்டு.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ சேர்த்த வரியை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். அது இல்லாமல் நான் கேட்டதற்கு எல்லாம் பொருள் இல்லை. நன்றாகச் செய்தாய்.

முதலாளிக்குக் காட்டிய பதிப்பையும் அனுப்பியிருந்தாயே, அதை முந்தாநாள் காத்திருப்பு அறையில் போட்டேன். முன்பு சொன்ன பேருந்து ஓட்டுநர் வந்திருந்தார். எடுத்த பல்லுக்கு மாற்றுப் பல் வைக்க வேண்டும். அந்த ஊசியை நினைத்தாலே அவருக்கு வியர்க்கிறது. இரண்டு முறை நேரம் வாங்கி வந்தும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டவர். கன்ட்ரோலரை எடுத்தார். பாறையைச் சுற்றி ஏறியபோது, வண்டியை வளைவில் ஒடிப்பவர் போல உடம்பும் சேர்ந்து சாய்ந்தது.

உன் அக்கா கதவைத் திறந்து, "வாங்க, உங்க முறைதான்" என்றாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர்."

"போன தடவையும் ஒரு நிமிஷம்னுட்டுத்தான் வீட்டுக்குப் போனீங்க."

கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தார். சில்லு அரை எட்டு நகர்ந்து, நின்று, பார்த்தது. அவர் வெளிக் கதவைப் பார்த்தார், உள் கதவைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"இரு, வந்துடறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் இந்த முறையும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலேயே எல்லாம் தெரிந்தது. இது நிற்கும், மாப்பிள்ளை. 'நினைக்கிறேன்' என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வருகிறேன். உன் அக்கா பெட்டி கட்டிவிட்டாள், என் பழைய பென்சில்களைச் சீவியும் வைத்துவிட்டாள். வரவேற்பு மேசைக்கு வேறு ஆள் கிடைத்தாயிற்று. மாடி அறையில் மேசை ஜன்னலுக்கு இடது பக்கமாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் பரவாயில்லை.

தாவி இறங்கும் அசைவை மட்டும் இங்கேயே வரைந்து, தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்ட படங்கள் எல்லாம் இருக்கின்றன. எண்ணிப் பார்க்காதே.

அன்புடன்,
அத்தான்